மதலேனின் தமிழைத் திருத்தியது

2025 மார்ச் 11, செவ்வாய்

லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்குப் புது ஆள் வந்திருக்கிறாள். பெயர் மதலேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். "சுஜாந்தி, இவ தமிழ்ப் பிள்ளைதான், ஆனா பாகிஸ்தான்" என்றார் முதலாளி குலசிங்கம் அண்ணை. நசிந்த தக்காளிப் பெட்டியைக் குறைந்த விலைக்கு எடுத்தவர் சொல்வது போல இருந்தது.

பாகிஸ்தானில் தமிழர் இருப்பதே எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் பக்கமிருந்து கராச்சிக்கு வேலைக்குப் போனவர்களாம். இவளுடைய பூட்டன் அதில் ஒருவர். கத்தோலிக்கர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் உருது. பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை, அதை எழுதப் படிக்கத் தெரியாது. 'வூடு' என்கிறாள், 'ஆமா' என்கிறாள், நடுவில் உருதுச் சொல் வந்து விழுகிறது.

வாடிக்கையாளர் தில்லைநாயகி அக்கா கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"உவ சோனகத்தியோ?"

"இல்லையக்கா, முஸ்லிமில்லை. வேதக்காரி, கத்தோலிக்கம்."

"பாகிஸ்தானிலை எங்கத்தை வேதக்காரர்? கேஸுக்குச் சொல்லுற கதை."

அக்கா சொன்ன அகதிக் கேஸை ஒரு காலத்தில் இந்தப் பிரெஞ்சு நாடு நம்பியது. அது அவருக்கு மறந்துவிட்டது.

பின்னேரம் அண்ணை மதலேனை நிலவறைக்கு அனுப்பிவிட்டார். இனி அங்கேதான் வெங்காயம் தெரிந்தெடுப்பது, மூட்டை பிரிப்பது. "சனம் கேள்வி கேட்குது பிள்ளை. எனக்கு வியாபாரம் நடக்கோணும்."

மார்ச் 16, ஞாயிறு

தமிழ்ப் பூசைக்கு அவளைக் கூட்டிப் போனேன். என் பிழை. தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஊரில் கோயிலுக்குள் பெண்கள் அப்படித்தானாம். நாங்கள் இருந்த வாங்கில் மெல்ல மெல்ல இடம் கூடிக்கொண்டே போனது. முடிந்து வெளியே வரும்போது ஒரு மனுசி என் காதுக்குள், "மதம் மாற வந்தவவோ?" என்றார். பரம்பரை பரம்பரையாக ஞானஸ்நானம் வாங்கியவளைப் பார்த்து.

எனக்குக் கொதித்தது. மதலேன் சிரிக்கிறாள். "கராச்சில எங்களுக்குத் தண்ணி குடிக்கத் தனி கிளாஸ், சுஜா. இங்க தனி பெஞ்சு. பெஞ்சு கொஞ்சம் வசதி."

மார்ச் 27, வியாழன்

இன்று நிலவறையில் அவளோடு வெங்காயம் தெரிந்தெடுத்தேன். கேட்காமலே சொன்னாள்.

தையல் தொழிற்சாலையில் வேலை. மெஷின் எண்ணெயைத் துடைக்கக் கழிவுத் துணியில் ஒரு துண்டு எடுத்திருக்கிறாள். அச்சடித்த துணி, பூவும் கொடியுமாய் வளைந்த கோடுகள். பக்கத்து மெஷின்காரி கத்தினாளாம் – அதிலே இறைவன் பெயர் இருக்கிறது, இந்தக் கிறிஸ்தவச்சி அதில் எண்ணெய் துடைக்கிறாள் என்று. இருந்ததா? "எனக்கு உருது நல்லா வாசிக்க வரும். அதுல ஒரு எழுத்தும் இல்ல. கொடி." சாயங்காலத்துக்குள் வாசலில் கூட்டம். மேற்பார்வை செய்த ஷப்னம் என்ற பெண் தன் புர்காவை இவளுக்குப் போட்டுப் பின்கதவால் ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டிருக்கிறாள். அன்றிலிருந்து வீடு பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு வேறொரு பேட்டையில் இருக்கிறான்.

"அந்தச் சத்தம் போட்டவளும் முஸ்லிம், புர்கா தந்தவளும் முஸ்லிம்" என்றாள். "கேஸ்ல ரெண்டாவதைச் சொல்லாதன்னு என்னை இங்க கொண்டுவந்த ஏஜென்ட் சொன்னான். நான் சொன்னேன்."

அகதி விண்ணப்பப் பேட்டி தை மாதமே முடிந்துவிட்டது. உருது மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், தமிழ் போதும் என்று கேட்டாளாம். உருதுக்காரர் யாரோ, அவருடைய உறவினர் கராச்சியில் எந்தத் தெருவோ. பெயர் திரும்பிப் போனால் அண்ணன் முடிந்தான். பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

ஏப்ரல் 5, சனி

பியர்ஃபித்தில் மதலேன் அறை பகிர்ந்த பெண்கள் அவளை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்கள்தான், யாழ்ப்பாணம். பகலில் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டு நோன்பு பிடிக்கிறாள் என்று முடிவு கட்டினார்களாம். இந்த வருடம் ரமழானும் ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலமும் ஒன்றாக வந்து தொலைத்தன. அவள் பிடித்தது ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாட்டு நோன்பு, நாங்கள் விட்டுவிட்டதை அவள் விடவில்லை, அவ்வளவுதான்.

செவ்ரானில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா குசினியிலிருந்தே கத்தினா. "கேக்காமல் கொள்ளாமல் ஆரையடி கூட்டிக்கொண்டு வாறாய்?" மதலேன் பையை இறக்காமல் நின்றாள். பிறகு அம்மா அவள் கழுத்திலிருந்த செபமாலையைக் கண்டா. "சரி, சரி. சப்பாத்தைக் கழட்டு."

ஏப்ரல் 12, சனி

சாப்பாட்டு மேசை. மதலேன் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க மன்னார்ல முஸ்லிம்கள் இருக்காங்களா?"

"இருந்தவை. எருக்கலம்பிட்டி முழுக்க அவைதான்."

"இருந்தாங்கன்னா? எங்க போனாங்க?"

அம்மா எழும்பிப் போய் அடுப்பிலே மீனைப் பிரட்டினா. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஆயுத இயக்கம் அவர்களைப் போகச் சொன்னது, கையில் கொண்டு போகக்கூடியதோடு போனார்கள், எங்கள் ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. இது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு திரும்பி வந்தார்கள், சிலர். மதலேனுக்கு யாரும் சொல்லவில்லை. மீன் கருகியது.

ஜூன் 19, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

வழக்கறிஞர் அர்னோவிடம் போனோம். நல்ல மனிதர், களைத்த மனிதர். நிராகரிப்போடு பேட்டியின் எழுத்துப் பிரதியும் வந்திருந்தது. பிரெஞ்சை நான் வாசித்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

கேள்வி: ஈஸ்டருக்கு எப்படித் தயாராவீர்கள்?
பதில்: ரோஜாப்பூ வைப்போம்.
கேள்வி: எங்கே வைப்பீர்கள்?
பதில்: வீட்டில்தான். எல்லோரும் வைப்போம். சின்னப் பிள்ளைகள் வைப்பதில்லை.
கேள்வி: எவ்வளவு காலம்?
பதில்: நாற்பது நாள்.
கேள்வி: அதே ரோஜாவையா?
பதில்: இல்லை, தினமும் புதிதாக. சாயங்காலம் ரோஜாவைத் திறப்போம். அதற்கு முன் உடைத்தால் பாவம்.

"என்ன பூ?" என்றாள் மதலேன். "நான் பூவே சொல்லலியே. ரோஜா வெப்போம்னு சொன்னேன். பட்டினி! உருதுல ரோஜான்னா பட்டினி. வெக்கிறது, தொறக்கிறது, உடைக்கிறதுன்னு நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருக்கவேண்டும். அவருக்கு ரோஜா என்றால் பூ. வேறு எது? அதிகாரி முடிவில் எழுதியிருக்கிறார்: 'அறியப்பட்ட எந்தக் கிறிஸ்தவச் சடங்கோடும் பொருந்தாத, தெளிவற்ற கூற்றுகள்.' தனி கிளாஸ், துணி, கூட்டம், ஷப்னம் – ஒன்றையும் பொய் என்று சொல்லவில்லை. ஒரு பூவால் எல்லாம் போய்விட்டது.

அர்னோவுக்கு நான் விளக்கியபோது அவர் முதலில் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். "இதுதான் நம் மேல்முறையீடு" என்றார். "அவருடைய தமிழ் உருது கலந்த கராச்சித் தமிழ், அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது." அடுத்த தடவை உருது மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம் என்றும் சொன்னார்.

"நோன்" என்றாள் மதலேன், வேண்டாம் என்று. அவள் சொல்லி நான் கேட்ட முதல் பிரெஞ்சுச் சொல்.

ஜூலை 2, புதன்

ரயிலில் வரும்போது சொன்னேன். "உருது வேண்டாம் எண்டால் விடுங்கோ. உங்கட தமிழை நான் திருத்தித் தாறன். எவன் மொழிபெயர்த்தாலும் விளங்கிற மாதிரி."

"திருத்தணுமா? அவ்ளோ மோசமா?"

"மோசமில்லை. இஞ்சை இருக்கிற மொழிபெயர்ப்பாளர் எல்லாம் எங்கட ஆக்கள். அவைக்கு எங்கட தமிழ்தான் விளங்கும்."

அவள் யோசித்தாள். "சரி டீச்சர்" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

ரோஜா இல்லை, ஒருசந்தி. 'குதா' இல்லை, ஆண்டவர். வூடு இல்லை, வீடு. ஆமா இல்லை, ஓம். தொடக்கத்தில் 'ஓம்' சொல்ல மறுத்தாள் – இந்துக்கள் கோயிலில் சொல்வதல்லவா, நான் ஏன் சொல்லணும் என்று. அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "நாங்கள் எல்லாரும் அப்ப சைவக்காரரோடி?"

கெட்டிக்காரி. காது கூர்மை. பாட்டுக்காரர் குடும்பமாம், தகப்பன் கோயில் பாடகர்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிள்ளையார் தேர். ரூ பஜோல் கோயிலிலிருந்து நம் தெரு வரை சனம். தேங்காய்க் குவியல், தவில், பறவைக் காவடி, பொலிஸ் வீதியை மறித்து நிற்கிறது. மதலேன் கடை வாசலில் நின்று பார்த்தாள். தேரை இல்லை – பொலிஸை.

"அவங்க துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்குது?"

"ஒரு பக்கமும் இல்லை. போக்குவரத்துக்கு நிக்கினம்."

"எங்க ஈஸ்டர்ல கோயில் வாசல்ல மணல் மூட்டை இருக்கும். கூரைல ஆள் நிப்பான். பூசை முடியறவரைக்கும் எல்லாரும் வாசலைத்தான் பார்ப்போம், பீடத்தை இல்ல." பிறகு, "யாரும் கல்லே எறியலியா?" என்றாள்.

குலசிங்கம் அண்ணை தேருக்குக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, "பிள்ளை, கீழே போ, மோர் தாகசாந்திக்கு இன்னும் பெட்டி ஏத்தவேணும்" என்றார். போனாள்.

செப்டெம்பர் 13, சனி

அம்மாவும் அவளும் குசினியில் யாரையோ பற்றி வம்பளந்துகொண்டிருந்தார்கள். அடுத்த அறையிலிருந்து கேட்டேன். எது அம்மாவின் குரல், எது மதலேனின் குரல் என்று ஒரு கணம் தெரியவில்லை. "அவ உப்பிடித்தான் அன்ரி, விசர்க் கதை கதைப்பா."

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன்: பெருமையாக இருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

ஒத்திகை. நான் நீதிபதி, அவள் அவள். ஒரு தடவைகூட இடறவில்லை. "தபசுகாலத்திலை நாங்கள் ஒருசந்தி இருப்பம் ஐயா, பின்னேரம்தான் வாயிலை ஏதும் வைப்பம்." எங்கள் ஊர்ப் பங்குத்தந்தை கேட்டால் மெச்சுவார்.

அர்னோ தொலைபேசியில் கேட்டார்: "தயாரா?" தயார் என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் எழுதிய மேல்முறையீட்டை நான் வாசித்திருந்தேன். அதையும் இந்த ஒத்திகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

மேல்முறையீட்டு நீதிமன்றம், சிறிய அறை. நீதிபதி கண்ணாடி போட்ட, அவசரமில்லாத மனிதர். மொழிபெயர்ப்பாளர் ஐம்பது வயதுள்ள யாழ்ப்பாணத்தவர், நல்ல முகம். நான் பின்வாங்கில்.

மதலேன் அருமையாகப் பேசினாள். துணி, கூட்டம், ஷப்னம், ரிக்‌ஷா. மொழிபெயர்ப்பு தண்ணீர் மாதிரி ஓடியது. பிறகு அர்னோ எழுந்து ரோஜா விடயத்தைச் சொன்னார் – மேடத்தின் தமிழ் உருது கலந்தது, தனித்தன்மையானது, முதல் பேட்டியில் அதை யாரும் கவனிக்கவில்லை, அந்தத் தமிழே அவர் கராச்சிக்காரர் என்பதற்குச் சான்று. நீதிபதி தலையசைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பார் – மொழிபெயர்ப்பாளரிடம், "மேடத்தின் தமிழைப் புரிந்துகொள்வதில் உங்களுக்குச் சிரமம் ஏதும் உண்டா?"

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு சிரமமும் இல்லை ஐயா. மேடம் எங்கள் ஊரில் பேசுவது போலவே பேசுகிறார்."

"உங்கள் ஊர் என்றால்?"

"இலங்கையின் வடக்கு, ஐயா."

உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்கே விளங்கவில்லை என்ன செய்தாரென்று.

அர்னோ என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு – ஐயோ, நான் என்ன செய்து வைத்திருக்கிறன்? எந்தத் தமிழைக் காட்டி அவளைக் காப்பாத்த வந்தமோ அந்தத் தமிழையே நான் சுரண்டி எறிஞ்சுபோட்டன். கேஸை வாசிச்சனான்தானே? கண்ணிருந்தும் குருடியோ நான்?

நீதிபதி மதலேனிடம் பொறுமையாகக் கேட்டார்: "கராச்சியில் வீட்டில் பேசுவது போலக் கொஞ்சம் பேசிக் காட்டுவீர்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. "ஓம் ஐயா" என்றாள்.

பிறகு அவளுக்கும் விளங்கிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு உருதுவில் பேசத் தொடங்கினாள். இத்தனை மாதம் பயந்த மொழி. நிறுத்தாமல் பேசினாள், அழுதுகொண்டு பேசினாள், அண்ணனின் பெயரைக்கூடச் சொன்னாள். அந்த அறையில் உருது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கைகளை விரித்தார். அர்னோ வேறு தவணை கேட்டார், உருது மொழிபெயர்ப்பாளரோடு. மொழியைத் தேர்ந்தது மேடம்தானே என்று நீதிபதி மறுத்துவிட்டார். மூன்று வாரத்தில் தீர்ப்பு.

அவளுடைய பாகிஸ்தான் அடையாள அட்டையை ஏஜென்ட் வாங்கிக்கொண்டான். தொலைபேசியில் ஒரு படம்தான் இருக்கிறது. படத்தை யாரும் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

நவம்பர் 19, புதன்

அவள் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. திட்டினால் நல்லாயிருக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நான் போகவில்லை, அவள் போனாள், அம்மாவோடு. வாங்கில் எல்லோரும் நெருங்கி இருந்தார்களாம். ஒருத்தி அவளிடம் பாட்டுப் புத்தகம் கொடுத்து, "பிள்ளைக்கு நல்ல குரல், பாடகர் குழுவிலை சேரலாம்தானே" என்றாளாம். அதே மனுசி, மதம் மாற வந்தவவோ என்று கேட்டவர். சால்வை இல்லாமல், எங்கள் தமிழோடு போனால் அவள் கத்தோலிக்கச்சி.

டிசம்பர் 9, செவ்வாய்

'மனுதாரர் தாம் கூறும் நாட்டைச் சேர்ந்தவர் என்பது நிறுவப்படவில்லை.'

அவர்கள் அவளைப் பொய்க்காரி என்றுகூடச் சொல்லவில்லை. இல்லாதவள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே அவள் கிறிஸ்தவள் என்பதால் பாகிஸ்தான்காரி இல்லை. இங்கே அவள் தமிழ்ச்சி என்பதால் பாகிஸ்தான்காரி இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

அர்னோ சொன்னது: புதிய சான்று இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். கராச்சியிலிருந்து பத்திரம், பதிவு, ஏதாவது. அதை யார் போய் எடுப்பது? அண்ணன் அலுவலகத்துக்குப் போய்த் தங்கையின் பெயரைச் சொன்னால் அவனே பதிவாகிவிடுவான். "நான் அனுப்பச் சொல்ல மாட்டன்" என்றாள் மதலேன். இப்போது எங்கள் தமிழிலேதான் மறுக்கிறாள்.

நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு வரும். வரும் வரை, வந்த பிறகும், இங்கேதான். வேறெங்கே?

அண்ணனோடு வாட்ஸப்பில் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நேற்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் அவன் சிரித்துச் சிரித்துத் தமிழில் கேட்டான்: "என்னா பேச்சு இது? யாரு கத்துக்குடுத்தா?"

டிசம்பர் 27, சனி

கிறிஸ்மஸ், புதுவருட அவசரத்தில் கடையில் ஆள் போதவில்லை. குலசிங்கம் அண்ணை அவளை மேலே கூப்பிட்டார். வாடிக்கையாளரோடு நன்றாகக் கதைக்கிறாள், சில்லறை சரியாகக் கொடுக்கிறாள். மத்தியானம் அண்ணை என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உவ இனி மேலேயே நிக்கட்டும். ஆரும் கேட்டால் மன்னார் எண்டு சொல்லச் சொல்லு. சனத்துக்கும் லேசு, அவவுக்கும் லேசு."

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ அண்ணை?"

"நீதானேயம்மா அவவை மன்னார் ஆக்கினது?"

வெங்காய மூட்டையை உதைத்தேன். கால்தான் நொந்தது.

2026 ஜனவரி 24, சனி

கடை நிறையச் சனம். மதலேன் நிறுவையில், நான் காசு மேசையில். பிலோமினா அக்கா வந்தார், அம்மாவின் பள்ளித் தோழி, மன்னார்த் தீவில் யாருக்கு யார் உறவு என்று விரல் விட்டுச் சொல்பவர்.

"பிள்ளையை இப்பதான் காணுறன். எந்த ஊரம்மா?"

"பேசாலை அக்கா" என்றாள் மதலேன், பையை விரித்துக்கொண்டே.

"அட, எங்கட பக்கம்! பேசாலையிலை எவடம்?"

"கோயிலடி."

ஊர், இடம், கோயில், திருநாள், எல்லாம் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறா. பிலோமினா அக்காவின் முகம் மலர்ந்தது. வெண்டிக்காயை முறித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார்.

"அப்ப நீங்கள் ஆற்றை ஆக்கள்?"

சாதியைக் கேட்கிற கேள்வி. நேராகக் கேட்க மாட்டார்கள், இப்படித்தான் கேட்பார்கள், லா சப்பலிலும் ஞானஸ்நானம் பெற்றவர்களிடமும். நான் வெறுக்கிற கேள்வி. என்னிடம் கேட்டவர்களை முகத்துக்கு நேரே ஏசியிருக்கிறேன். இதை மட்டும் மதலேனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியிருக்கவேண்டும். கராச்சியில் கிறிஸ்தவர் என்றாலே தெருக் கூட்டுகிறவர் என்றுதான் சொல்வார்களாம், அந்தக் குரல். அவளுடைய கை பையின் வாயில் அப்படியே நின்றது. சில்லறையோடு வரிசையில் நின்ற நாலுபேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

ஏசத்தான் வாய் எடுத்தேன்.

"எங்கட ஆக்கள்தான் அக்கா" என்றேன். "அம்மாவுக்குச் சொந்தம்."

"பார் பிள்ளை, முகத்திலேயே தெரியுதே!" என்றார் பிலோமினா அக்கா. "அப்ப ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்கோவன் அம்மா. பேரப்பிள்ளையின்ரை முதல்நன்மைப் பூசைக்கு ஆயத்தம், பாட்டுச் சொல்லிக்குடுக்க ஆளில்லை, பாடுவீங்கள்தானே?"

மதலேன் வெண்டிக்காயை நிறுத்துக் கட்டிக் கொடுத்தாள். "வாறன் அக்கா" என்றாள்.